பிளாஸ்டிக் லூர் வார்த்த பிறகு: கருவிகளைச் சுத்தம் செய்யும் முறை

மீன் பிடிக்கத் தூண்டிலில் மாட்டும் செயற்கை இரைதான் லூர். வீட்டிலேயே அப்படி ரப்பர் புழு, ரப்பர் மீன் வார்க்கத் தொடங்குபவர்கள் முதலில் கேட்பது எந்த அச்சு நல்லது, எந்த நிறம் எவ்வளவு கலப்பது என்றுதான். நாலைந்து முறை வார்த்த பிறகு கேள்விகள் மாறிவிடும். வெள்ளைப் புழுவின் வயிற்றில் ஏன் கறுப்புப் புள்ளி விழுகிறது? அச்சின் இரண்டு பாதியும் ஏன் சரியாக மூடவில்லை? உருகிய பிளாஸ்டிக்கை அச்சுக்குள் செலுத்தும் இன்ஜெக்டரின் தண்டு ஏன் பாதி வழியில் சிக்குகிறது? மூன்றுக்கும் பெரும்பாலும் காரணம் ஒன்றே. போன முறை வேலை முடிந்ததும் கருவிகளை அப்படியே வைத்துவிட்டுப் போயிருப்போம்.

சுத்தம் செய்வது என்றதும் நம் கை தானாகவே நார், சோப்பு, தண்ணீர் என்று போகும். இந்த வேலைக்கு அது பொருந்தாது. இங்கே தேய்ப்பதைவிட உரிப்பதுதான் அதிகம். எப்போது உரிப்பது என்பது தெரிந்துவிட்டால் பாதி வேலை குறைந்துவிடும். அதைத் தெரிந்துகொள்ள, நாம் கையாளும் பொருள் எப்படிப்பட்டது என்று கொஞ்சம் பார்த்துவிட வேண்டும்.

பிளாஸ்டிசாலின் நான்கு நிலைகள்

புட்டியில் பால்போல இருக்கும் திரவத்துக்குப் பிளாஸ்டிசால் என்று பெயர். பி.வி.சி.யின் மிக நுண்ணிய தூள், அதை மென்மையாக்கும் ஓர் எண்ணெயில் மிதந்துகொண்டிருக்கிறது, அவ்வளவுதான். சூடாக்கும்போது தூள் எண்ணெயை உறிஞ்சி உப்பும். முதலில் கட்டி கட்டியாகக் கூழ்போல ஆகும். இன்னும் சூடேறி சுமார் 175 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது எல்லாம் ஒன்றாகக் கரைந்து, தேன்போலத் தெளிந்து ஓடும். அது ஆறினால் ரப்பர். சூடு எல்லை மீறினால் மஞ்சளாகி, பழுப்பாகி, மூக்கை எரிக்கும் புகை விடும். அந்தப் புகையில் ஹைட்ரஜன் குளோரைடு இருக்கிறது.

ஆக, கருவியில் ஒட்டியிருப்பது இந்த நான்கில் எது என்று முதலில் பாருங்கள்.

வேகாத பால் என்றால், அதை உலர்ந்த காகிதத்தால் ஒற்றி எடுக்க வேண்டும். உரிக்க வராது, தேய்த்தால் பரவும். பாதி வெந்த கூழ் என்றால் அதை எடுக்கவே முயலாதீர்கள். மீண்டும் சூடாக்கி முழுதாக வேகவிட்டு, ஆறவிட்டு, அப்புறம் உரியுங்கள். முழுதாக வெந்து ஆறியது என்றால் ஓர் ஓரத்தை நகத்தால் கிளப்பினால் போதும், மிச்சம் தானாகவே வரும். கருகியது என்றால் அதற்கு மருந்து இல்லை. மரக் குச்சியால் பொறுமையாகச் சுரண்டி எடுத்துக் குப்பையில் போட வேண்டியதுதான். கருகல் துண்டை மீண்டும் உருக்கும் பாத்திரத்தில் சேர்த்தால் அடுத்த கலவை முழுவதும் கெட்டுப்போகும்.

புதியவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இரண்டாவது நிலையில். பாதி வெந்த பிளாஸ்டிசாலுக்கு வலு கிடையாது. இழுத்தால் நூலாக வராமல் பொடிப்பொடியாக உதிரும். ஓர் அச்சின் வால் பகுதியில் அப்படி உதிர்ந்ததைப் பல் குத்தும் குச்சியால் நோண்டிக்கொண்டே ஒரு மாலைப் பொழுதைக் கழித்திருக்கிறேன். பிறகுதான் வழி தெரிந்தது. அதே அச்சை மூடி, நிறமில்லாத பிளாஸ்டிசாலைச் சரியான சூட்டில் ஒரு முறை உள்ளே செலுத்தினேன். ஆறியதும் வெளியே வந்த புழுவின் முதுகில் அந்தப் பொடி முழுவதும் ஒட்டியிருந்தது. அச்சு பளிச்சென்று இருந்தது. அன்றிலிருந்து பிளாஸ்டிக்கைப் பிளாஸ்டிக்கால்தான் எடுக்கிறேன்.

தண்ணீர் விஷயத்தில் விளையாட்டு வேண்டாம்

படிகளுக்குப் போகும் முன் இதைச் சொல்லியே ஆக வேண்டும். தண்ணீர் ஆவியாகும்போது அதன் கன அளவு சுமார் 1,600 மடங்கு பெருகுகிறது. அச்சின் ஒரு மூலையில் ஒரே ஒரு சொட்டு ஈரம் தங்கியிருந்து, அதன்மேல் 175 டிகிரி பிளாஸ்டிக் விழுந்தால், அந்தச் சொட்டு வெடித்துக் கிளம்பும். மேலே இருப்பது கொதிக்கும் ரப்பர் குழம்பு. தோலில் பட்டால் எண்ணெய்போல வழிந்து ஓடாது, ஒட்டிக்கொண்டு எரிக்கும்.

அதனால் கழுவுவது என்பது வேலை நடக்கும் நேரத்தில் செய்கிற காரியம் அல்ல. எல்லாம் முடிந்து, எல்லாம் ஆறி, அடுப்பும் அணைந்த பிறகுதான் தண்ணீர் அந்த அறைக்குள் வரலாம். கழுவியதை அன்றே மறுபடி பயன்படுத்தவும் கூடாது. துடைத்து, காற்றில் ஒரு நாள் முழுக்க உலரவிடுங்கள். வேலை செய்யும் மேசையில் தண்ணீர்க் குவளை வைத்துக்கொள்ளும் பழக்கமும் வேண்டாம். குடிக்க வேண்டுமென்றால் எழுந்து வெளியே போய்க் குடியுங்கள்.

தப்பித் தவறிச் சூடான பிளாஸ்டிக் தோலில் பட்டுவிட்டால், அதைப் பிய்த்து எடுக்காதீர்கள்; தோலும் கூடவே வந்துவிடும். ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் பிடியுங்கள். ஐஸ் கட்டி வைக்காதீர்கள். ஒட்டியிருப்பதை மருத்துவர் எடுத்துக்கொள்வார்.

கையருகே வைத்துக்கொள்ள வேண்டியவை

பெரிய பட்டியல் இல்லை. பஞ்சு உதிராத பருத்தித் துணி, டிஷ்யூ காகிதச் சுருள், பழைய டூத் பிரஷ் இரண்டு, மரத்தாலான பல் குத்தும் குச்சிகள், பாத்திரம் கழுவும் திரவ சோப்பு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், கொஞ்சம் புழு எண்ணெய். செய்து முடித்த லூர்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்கத் தடவுகிறோமே, அதே எண்ணெய்தான். கைக்கு இரண்டு வகை உறை வேண்டும்: சூட்டைத் தாங்கும் தோல் உறை ஒன்று, சாயமும் எண்ணெயும் கையில் படாமல் இருக்க நைட்ரைல் உறை ஒன்று.

எஃகு நார், பிளேடு, ஊசி, கத்தி முனை, இவற்றை அந்தப் பக்கமே கொண்டுவராதீர்கள். அலுமினிய அச்சில் ஊசியால் ஒரு கோடு விழுந்தால், அந்தக் கோடு இனி நீங்கள் வார்க்கும் ஒவ்வொரு புழுவிலும் மேடாக வரும். கண்ணாடிக் கோப்பையில் விழுந்த கீறல் அதைவிட மோசம். பிறகு ஒரு நாள் சூட்டில் கோப்பை அந்த இடத்திலேயே விரியும்.

அசிட்டோன் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். வெந்து கெட்டியான பிளாஸ்டிசாலை அது கரைக்காது. உப்ப வைத்துப் பிசுபிசுப்பாக்கும், உள்ளே இருக்கும் எண்ணெயை இழுத்துக்கொண்டு மிச்சத்தை விறைப்பாக்கும். உரிக்க வேண்டியதை ஒட்ட வைப்பதுதான் அதன் பலன். போதாக்குறைக்கு, பூஜ்ஜியத்துக்குக் கீழே 20 டிகிரி குளிரில்கூட அதன் ஆவி தீப்பற்றும். சூடான கருவிகள் இருக்கும் இடத்தில் அதற்கு வேலையே இல்லை. ஆல்கஹாலும் தீப்பிடிக்கும் பொருள்தான். ஆகவே அதையும் எல்லாம் ஆறிய பிறகே திறக்க வேண்டும்.

கண்ணாடிக் கோப்பை

பிளாஸ்டிசாலை மைக்ரோவேவில் வைத்துச் சூடாக்குவது இந்தக் கோப்பையில்தான். பலர் இதில் ஒரு சொட்டு விடாமல் வழித்து ஊற்றிவிடுகிறார்கள். சிக்கனம் நல்லதுதான், ஆனால் இங்கே அதுவே வினையாகிறது. கோப்பைச் சுவரில் மெல்லிய படலமாக மிஞ்சுவது உரிக்க வராது, கிழிந்து கிழிந்து வரும். அப்படியே விட்டால் அடுத்த முறை சூடாக்கும்போது அந்த மெல்லிய படலம் மற்றதற்கு முன்பே கருகி, செதில் செதிலாகக் கலவையில் இறங்கும். வெள்ளைப் புழுவில் தெரிந்த அந்தப் புள்ளி பெரும்பாலும் இதுதான்.

நான் செய்வது இப்படி. கடைசியாக ஊற்றும்போது இரண்டு தேக்கரண்டி அளவுக்குக் கோப்பையிலேயே விட்டுவிடுவேன். தோல் உறை போட்ட கையால் கோப்பையை மெதுவாகச் சாய்த்துச் சுழற்றினால், அந்த மிச்சம் சுவர் முழுக்க ஒரே கனத்தில் படியும். கலக்கிய எஃகுக் கம்பியை நடுவில் நிற்கவைத்துவிட்டு, உலர்ந்த மரப் பலகையின் மேல் வைத்து ஆறவிடுவேன். ஈரத் துணியின் மேலோ, குளிர்ந்த கல்லின் மேலோ சூடான கண்ணாடியை ஒருபோதும் வைக்காதீர்கள், விரிசல் விட்டுவிடும்.

கோப்பையின் அடியைத் தொட்டால் இளஞ்சூடாக இருக்கிறதா? அதுதான் பதம். விளிம்பைச் சுற்றி விரலால் ஒரு முறை நெம்பிவிட்டு, கம்பியைப் பிடித்து நேராக மேலே இழுங்கள். பாம்பு சட்டை உரிப்பதுபோல, கோப்பையின் வடிவம் மாறாமல் ஒரே தோலாக வெளியே வரும். உள்ளே கண்ணாடி புதிது மாதிரி இருக்கும். முதல் முறை அதைப் பார்க்கும்போது உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருக்கும். கம்பியில் சுற்றியிருப்பதையும் அப்படியே உருவிவிடலாம். முழுதாகக் குளிர்ந்துபோயிருந்தாலும் உரிக்கலாம், கொஞ்சம் கூடுதலாக இழுக்க வேண்டியிருக்கும். இன்னும் சூடாக இருக்கும்போது அவசரப்பட்டால் மட்டும் நூல் நூலாக இழுபட்டு எல்லா இடத்திலும் ஒட்டும்.

உரித்த தோலைத் தூக்கி எறிய வேண்டாம், அது அடுத்த முறைக்கான மூலப்பொருள். கோப்பையை மட்டும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துச் சுற்றிப் பாருங்கள். விளிம்பில் சிறு உடைப்போ, மயிரிழை விரிசலோ தெரிந்தால் அந்தக் கோப்பைக்கு இன்றோடு ஓய்வு கொடுத்துவிடுங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். இந்தக் கோப்பை, இந்தக் கம்பி, இந்த மைக்ரோவேவ் எதுவும் இனி சமையலறைக்குத் திரும்பக் கூடாது. 1949-ல் அமெரிக்காவின் அக்ரான் நகரில் நிக் கிரீம் பிளாஸ்டிக் புழுவை வீட்டில் செய்துதான் தொடங்கினார் என்பது உண்மை. ஆனால் எவ்வளவு நன்றாகக் கழுவினாலும், இந்தப் பாத்திரத்தில் சாப்பாடு சூடாக்குவது கூடவே கூடாது.

இன்ஜெக்டர்

கருவிகளிலேயே மிகவும் கவனம் கேட்பது இதுதான். உள்ளே ஒரு குழாய், ஒரு தண்டு, தண்டின் நுனியில் பிஸ்டன், பிஸ்டனைச் சுற்றி ஒன்றிரண்டு ஓ-ரிங், அதாவது கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம். இவ்வளவு எளிய கருவி கெட்டுப்போவது, உள்ளே பிளாஸ்டிக் இறுகியிருக்கும்போது யாராவது தண்டை முழு பலத்தோடு இழுப்பதால்தான்.

1. கடைசி அச்சை நிரப்பிய பிறகு, குழாயில் ஓரங்குல உயரத்துக்காவது பிளாஸ்டிக் மிஞ்சட்டும். கோப்பையில் சொன்ன அதே காரணம்தான்: கனமாக இருந்தால் ஒரே துண்டாக வரும். மூக்கை மேலே பார்க்கும்படி நிறுத்தி, குழாயை வெறும் கையால் பிடிக்க முடிகிற சூட்டுக்கு வரும்வரை காத்திருங்கள்.

2. பின்மூடியைக் கழற்றி, தண்டை மெதுவாக, விட்டு விட்டு இழுங்கள். பிஸ்டனோடு ஒட்டிக்கொண்டு பிளாஸ்டிக் கட்டியும் மெழுகுவத்திபோல வழுக்கி வெளியே வரும். சில இன்ஜெக்டர்களில் மூக்குப் பகுதி தனியாகத் திருகிக் கழற்றும்படி இருக்கும். அப்படியென்றால் அதை முதலில் கழற்றிவிடுங்கள், வேலை இன்னும் சுலபம்.

3. மூக்கின் துளையில் ஒரு சின்ன முளை தங்கியிருக்கும். அதை வெளியிலிருந்து உள்ளே பார்த்து, மரக் குச்சியால் தள்ளுங்கள். உள்ளிருந்து வெளியே தள்ளினால் குறுகலான இடத்தில் இன்னும் இறுகிக்கொள்ளும்.

4. ஓ-ரிங்குகளை மரக் குச்சியாலோ பிளாஸ்டிக் நெம்புகோலாலோ கிளப்பிக் கழற்றுங்கள். அவை உட்காரும் பள்ளத்தைப் பாருங்கள். மயிரிழை கனத்தில் ஒரு பிளாஸ்டிக் வளையம் அங்கே ஒளிந்திருக்கும். அதுதான் நாளடைவில் ரிங்கை வெளியே தள்ளி, தண்டைச் சிக்க வைக்கிறது. எடுத்துவிட்டு, பள்ளத்தைத் துணியால் ஒரு சுற்றுத் துடையுங்கள்.

5. ரிங்கை இரு விரலுக்கிடையே உருட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் தட்டையாகிவிட்டதா, வெட்டு இருக்கிறதா, விறைத்துவிட்டதா? அப்படியானால் புதியது போடுங்கள். தேய்ந்த ரிங் வழியாகச் சூடான பிளாஸ்டிக் பிஸ்டனுக்குப் பின்னால் கசிந்து, கையை நோக்கி வரும்.

6. ஒரு குச்சியின் நுனியில் துணியைச் சுற்றி, ஆல்கஹாலில் நனைத்து, குழாயின் உட்சுவரைத் துடைத்து உலரவிடுங்கள். பிறகு ரிங்கின்மேல் ஒரு சொட்டுப் புழு எண்ணெய் தடவித் திரும்பப் பூட்டுங்கள். சிலிக்கோன் ரிங் என்றால் சிலிக்கோன் கிரீஸ் பூசக் கூடாது, ரிங் உப்பிவிடும்.

மறந்துபோய் முழுதாக ஆறவிட்டு, தண்டு அசையவே மாட்டேன் என்கிறதா? சுத்தியலைத் தேடாதீர்கள். வெப்பக்காற்றுத் துப்பாக்கியைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, குழாயைச் சுழற்றிச் சுழற்றி மிதமாகச் சூடாக்குங்கள். உள்ளே இருப்பது உருக வேண்டியதில்லை, சுவரைப் பிடித்திருப்பது தளர்ந்தால் போதும். மூக்குத் துளை திறந்திருக்கட்டும், அது யார் முகத்தையும் பார்க்காமல் இருக்கட்டும். உலோக இன்ஜெக்டரை மைக்ரோவேவுக்குள் வைக்கவே கூடாது.

இரண்டு நிறத்தை ஒன்றாகச் செலுத்தும் இரட்டை இன்ஜெக்டர் வைத்திருப்பவர்கள், நடுவில் இருக்கும் கலப்புக் கட்டையையும் ஒவ்வொரு முறையும் கழற்றிப் பார்க்க வேண்டும். குறுகிய இரண்டு வழிகள் சேரும் இடம் அது. ஒன்று அடைத்தாலும் முதுகு ஒரு நிறம், வயிறு ஒரு நிறம் என்று வர வேண்டியது குழம்பிப்போகும்.

அச்சுகள்

அச்சு எதனால் ஆனது என்பதைப் பொறுத்துச் சுத்தம் செய்யும் முறை முழுதாக மாறும். எல்லாவற்றையும் ஒரே வாளியில் போட்டுக் கழுவினால் ஏதோ ஒன்று நிச்சயம் வீணாகும்.

அலுமினிய அச்சில், குழியைவிட அதைச் சுற்றியுள்ள தட்டையான முகத்தைத்தான் நான் முதலில் பார்ப்பேன். குழிக்குள் இருப்பது புழுவோடு வந்துவிடும். முகத்தில் படியும் மெல்லிய பிசிறு, அதிலும் இரண்டு பாதியைச் சேர்த்துப் பிடிக்கும் வழிகாட்டி முளைகளின் அடியில் சேரும் துணுக்கு, கண்ணுக்கே தெரியாது. ஆனால் அச்சு முழுதாக மூடாது. மூடாத இடைவெளியில் பிளாஸ்டிக் பரவி, புழுவின் இரண்டு பக்கமும் சிறகு முளைக்கும். ஆள் போய் அச்சை இறுக்குவான், இன்னும் இறுக்குவான், திருகாணியின் மரை கெடும். கடைசியில் பார்த்தால் முளைக் குழியில் கடுகளவு பிளாஸ்டிக். எனவே விரல் நுனியை முகத்தின்மேல் ஓட்டிப் பாருங்கள். கண் தவறவிட்டதை விரல் கண்டுபிடிக்கும்.

காற்று வெளியேறும் சின்னக் கோடுகளும் முக்கியம். அவை அடைத்தால் வால் முழுதாக நிரம்பாது. அச்சு இளஞ்சூடாக இருக்கும்போதே டூத் பிரஷால் வால் பக்கமிருந்து வெளிப்பக்கமாகத் தேய்த்தால் வந்துவிடும். வராததைப் பல் குத்தும் குச்சி எடுக்கும்.

மினுக்குத் தூள் விடாப்பிடியானது. துணியால் துடைத்தால் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் போகுமே தவிர வெளியே போகாது. பழைய மென்மையான புழுத் துண்டு ஒன்றை எடுத்து, அழிப்பான்போல அச்சின்மேல் அழுத்தி அழுத்தி எடுங்கள். அதன் பிசுபிசுப்பில் தூள் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். ஒட்டும் டேப்பும் உதவும், ஆனால் குழிக்குள் நுழைவதற்குப் புழுத் துண்டுதான் வசதி.

உப்புக் கலந்த பிளாஸ்டிக் வார்த்தால் மட்டும் அலுமினிய அச்சைக் கட்டாயம் கழுவியே ஆக வேண்டும். உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டு உலோகத்தை அரிக்கும். ஒரு மாதம் கழித்துத் திறந்தால் வெள்ளைப் பொடி படிந்து, அடியில் நுண்ணிய குழிகள் விழுந்திருக்கும். அது திரும்ப வராத சேதம். முழுதாக ஆறிய அச்சை வெதுவெதுப்பான நீரில் திரவ சோப்பு போட்டு, பிரஷால் தேய்த்துக் கழுவி, நல்ல நீரில் அலசி, துடைத்து, முளைக் குழிகளில் தேங்கிய நீரைத் தட்டி வெளியேற்றி உலரவிடுங்கள். வெயிலில் வைக்கலாம். பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் மட்டும் போட வேண்டாம். அதற்கான தூளில் உள்ள காரம் அலுமினியத்தைக் கறுக்க வைத்துவிடும். உலர்ந்ததும் துணியில் ஒரு சொட்டுப் புழு எண்ணெய் தொட்டு, முகம் முழுக்க மெல்லியதாகப் பூசி, மூடி வையுங்கள்.

சிலிக்கோன் அச்சு சாதுவான பிள்ளை. பிளாஸ்டிசால் அதில் ஒட்டவே ஒட்டாது. மடக்கினால் போதும், மிச்சம் தானாகக் கழன்று விழும். தூசியை இழுத்துக்கொள்வது ஒன்றுதான் அதன் குறை. சோப்பு நீரில் அலசி, முழுதாக உலர்த்தி, மூடியுள்ள பெட்டியில் வைத்தால் சரி. பெயிண்ட் தின்னர், டர்பன்டைன் மாதிரியான கரைப்பான்கள் சிலிக்கோனை உப்ப வைத்து வடிவத்தையே கெடுத்துவிடும். பளபளக்கும் சாயங்கள் ஏற்றிய கறை போகாது. அதனால் அடர்ந்த நிறத்துக்கு ஓர் அச்சு, வெளிர் நிறத்துக்கு ஓர் அச்சு என்று பிரித்துக்கொள்வது நல்லது.

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சை நனைக்கவே கூடாது. பஞ்சுபோல ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு, அடுத்த முறை சூடு பட்டதும் ஆவியாக விடும். புழுவின் தோல் முழுக்கக் குமிழி வரும். மென்மையான உலர்ந்த பிரஷால் தட்டிவிடுவதோடு நிறுத்துங்கள். குமிழி ஏற்கெனவே வருகிறது என்றால் மேலே பூசிய பூச்சு எங்கோ விட்டுப்போயிருக்கிறது என்று பொருள். சில நாள் நன்றாக உலர்த்தி, முதலில் எதைப் பூசினீர்களோ அதையே மீண்டும் இரண்டு கை பூசி, முழுதாகக் காயவிட்டுப் பயன்படுத்துங்கள்.

மைக்ரோவேவ், வெப்பமானி, மேசை

மைக்ரோவேவின் உள்சுவரைத் தொட்டுப் பாருங்கள், விரல் வழுக்கும். பிளாஸ்டிசாலிலிருந்து ஆவியான எண்ணெய் படிந்திருக்கிறது. மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, சோப்பு நீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் இன்னொரு முறை துடையுங்கள். பக்கச் சுவரில் அட்டைபோல ஒரு சின்ன மூடி இருக்கும். அதில் எண்ணெயும் பிளாஸ்டிக் துளியும் சேர்ந்தால் பொறி பறக்கும். அதை அழுத்தாமல் மென்மையாகத் துடைக்க வேண்டும், கருகியிருந்தால் மாற்ற வேண்டும். தட்டில் சிந்தியதை ஆறியதும் உரித்துவிடலாம்.

அகச்சிவப்பு வெப்பமானியின் கண்ணில் இதே எண்ணெய்ப் படலம் படியும். அப்போது அது உண்மையான சூட்டைவிடக் குறைத்துக் காட்டும். நீங்கள் அதை நம்பி இன்னும் சூடாக்குவீர்கள், கலவை மஞ்சளாகும். பஞ்சு சுற்றிய குச்சியை ஆல்கஹாலில் தொட்டு லேசாக ஒற்றி எடுங்கள். குமிழியை வெளியேற்ற வெற்றிட அறை வைத்திருப்பவர்கள் கவனிக்க: அதன் மூடி அக்ரிலிக் என்றால் ஆல்கஹாலும் அசிட்டோனும் படவே கூடாது, மெல்லிய விரிசல்கள் விழும். சோப்பு நீர் போதும்.

மேசையில் வேகாத பால் சிந்தினால் உடனே காகிதத்தால் ஒற்றிவிட்டு, சோப்புத் துணியால் இரண்டு முறை துடையுங்கள். விட்டுவைத்தால் அதிலுள்ள எண்ணெய் வார்னிஷையும் பெயிண்டையும் இளக்கிவிடும். வேலை தொடங்கும் முன்பே ஒரு சிலிக்கோன் விரிப்பு போட்டுக்கொள்வதுதான் எளிது.

அழுக்கே சேராமல் வேலை செய்வது

வெளிர் நிறத்தில் தொடங்கி அடர்ந்த நிறத்தில் முடியுங்கள். முதலில் நிறமில்லாதது, அப்புறம் வெள்ளை, மஞ்சள், பச்சை, கடைசியில் கறுப்பு. மினுக்குத் தூள் இல்லாதது முன்னால், உள்ளது பின்னால். உப்பும் வாசனை எண்ணெயும் எல்லாவற்றுக்கும் கடைசி. இந்த வரிசையில் போனால் நடுவில் கருவிகளை உரித்தெடுத்தால் போதும், முழுச் சுத்தம் ஒரே ஒரு முறைதான். வரிசை மாறினால் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு முறை.

கழிவை வடிகாலில் ஊற்றாதீர்கள். மிஞ்சிய வேகாத பிளாஸ்டிசால் கொஞ்சமே இருந்தாலும் சூடாக்கி வேகவைத்து, ரப்பராக்கி, துண்டு போட்டு வையுங்கள். நல்ல துண்டுகளை நிறவாரியாகவும், உப்புப் போட்டதைத் தனியாகவும் பிரித்தால் மறுபடி உருக்கலாம். பாலிஎத்திலின் பையில் போட்டு வையுங்கள். கடினமான ஒளிபுகும் பாலிஸ்டைரின் பெட்டியில் வைத்தால் பெட்டியே உருகி ஒட்டும். உருக்க முடியாததைக் குப்பையில் போடுங்கள், மீன் பிடிக்க எடுத்துப்போகும் பையில் மட்டும் வேண்டாம். கரையில் சிதறினால் மீன் விழுங்கும், வயிற்றில் அது செரிக்காது. ஆல்கஹால் நனைந்த துணிகளைச் சுருட்டி மூலையில் எறியாமல், வெளியில் விரித்துக் காயவைத்த பிறகே குப்பையில் சேருங்கள்.

ஆறிய பிளாஸ்டிக்கைத் திரும்பச் சூடாக்கி எடுக்கும் எந்த வேலையிலும் புகை வரும். தூசிக்கான சாதாரண முகக்கவசம் அந்த ஆவியைத் தடுக்காது. கரிம ஆவிக்கும் அமில வாயுவுக்கும் ஏற்ற வடிகட்டி பொருத்திய கவசம் வேண்டும், ஜன்னலும் திறந்திருக்க வேண்டும்.

அடுத்த முறை உட்காரும்போது அச்சின் முளைக் குழி, இன்ஜெக்டரின் மூக்கு, கோப்பையின் அடி ஆகிய மூன்றையும் உலர்ந்த துணியால் ஒரு தடவை துடைத்துவிட்டுத் தொடங்குங்கள். முதல் வார்ப்பு நிறமில்லாததாக இருக்கட்டும். ஆறியதும் அந்தப் புழுவை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். பழுப்புச் செதில் தெரிந்தால் கோப்பை. வேறு நிறக் கீற்று தெரிந்தால் இன்ஜெக்டரின் ஓ-ரிங் பள்ளம். தோலின் மேல் மட்டும் மினுக்கு தெரிந்தால் அச்சு. நிறைய நுண்குமிழி தெரிந்தால் எங்கோ ஈரம் இருக்கிறது. அன்றைக்கு அடுப்பை அணைத்துவிட்டு அச்சை இன்னும் ஒரு நாள் உலரவிடுங்கள்.